மடங்காத விரல்

கண் ஆப்பரேஷன் செய்துகொண்டு வந்தவனிடம் ஊரார் முதலில் கேட்பது, வலித்ததா என்றுதான். வலிக்கவில்லை. வலித்திருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒன்று இருந்திருக்கும். என்னைப் பாடாய்ப் படுத்தியது சும்மா கிடந்ததுதான். அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சும்மா கிடக்கவா கசக்கிறது, எங்களுக்கு அப்படி ஒரு நாள் கிடைக்காதா என்கிறார்கள். ஆளுக்கு ஆள் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோலிசோடாப் புட்டியின் அடியைப் போலத் தடித்த கண்ணாடி ஒன்று இப்போது என் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. நாலு வரி எழுதினால் கண்ணில் நீர் வருகிறது. துடைத்துக்கொண்டு மறுபடி நாலு வரி. எழுத்து கோணலாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் தேவாரம். தொழில் மாட்டுத் தரகு. சனிக்கிழமை தேனிச் சந்தை. மற்ற நாட்களில் கம்பம், சின்னமனூர் என்று ஊர் ஊராகச் சுற்றுவேன். சில சமயம் குமுளி மலையேறி மலையாளத்து வியாபாரிகளோடு அவர்கள் பாஷையிலேயே பேசி நாலு சோடி மாடு தள்ளிவிட்டு வருவேன். தரகன் வாய் பொய் சொல்லும் என்பார்கள். சொல்லட்டும், அது தொழில். ஆனால் தரகன் கண் பொய் சொல்லக்கூடாது. மாடு தூரத்தில் நடந்து வரும்போதே எந்தக் கால் தாங்குகிறது, எந்தத் தோளில் நுகத்தடி காய்த்திருக்கிறது, உடம்பில் எங்கே கெட்ட மயிர்ச்சுழி இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே எனக்குக் கால் தரையில் பாவாது. எதற்காகப் பிறந்தோம் என்று நான் ஒருநாளும் யோசித்தது கிடையாது. சனிக்கிழமை வந்ததும் எழுந்து ஓடுவேன், அவ்வளவுதான்.

முதலில் இடது கண்ணில் புகை படிந்தது. மாட்டுக் கண்ணில் பூ விழுந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. உப்பையும் புகையிலையையும் சேர்த்து மென்று, அந்தச் சாற்றைக் கண்ணில் துப்புவோம். நீர் கொட்டும், பூ கரையும் என்று நம்பிக்கை. எத்தனையோ மாடுகளுக்குச் செய்திருக்கிறேன். மாட்டுக்குக் கேட்கிற மருந்து மனிதனுக்குக் கேட்காதா என்று நினைத்தேன். என் மச்சினன் சுருளி, அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி, என்னோடு தரகு பழகினவன். அவனை மென்று துப்பச் சொல்லி, தொழுவத்தில் அண்ணாந்து உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரி வெள்ளையம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாங்க. வலிச்சா மாடு வாய் தொறந்து சொல்லாது. நீங்க ஆளு" என்றாள். போடி போ என்று விரட்டிவிட்டேன். சுருளி துப்பினான். கண்ணில் நெருப்புக் கங்கு வைத்தது போல எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வாரம் முழுக்கத் தினமும் துப்பச் சொன்னேன். கண் வீங்கிப் புண்ணாகி, புண் ஆறியபோது கருவிழி முழுக்க வெள்ளை பாரித்துவிட்டது. அந்தக் கண் அதோடு போயிற்று.

கொஞ்ச நாளில் வலது கண்ணிலும் அதே புகை. சந்தையில் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. மாட்டின் பல்லைத் தடவி வயசு சொன்னேன். நடையைச் சுருளி பார்த்து என் காதில் ஓதினான். ஒருநாள் கன்று ஈனாத கிடாரியைப் போய், நல்ல காளை என்று, உழவு மாடு தேடி வந்த ஒரு சம்சாரியிடம் புகழ்ந்துவிட்டேன். சந்தையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மறுநாள் காலையில் வெள்ளையம்மாள் கட்டுச்சோற்றோடு வாசலில் நின்றாள். எங்கே என்றேன். ஆஸ்பத்திரிக்கு என்றாள்.

அது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. கரி வண்டியில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸுக்குக் கரிவண்டி என்றுதான் எங்களிடம் பேர். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம், பின்னால் அடுப்பு வைத்துக் கரிப்புகையில் ஓடும். மேட்டில் நின்றுவிட்டால் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். கண் தெரியாதவன் என்று என்னை மட்டும் இறங்கவேண்டாம் என்றார்கள். தேனி மேட்டில் ஊரே தள்ள, நான் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த வெட்கத்தை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருக்க ஒரு நீளக் கொட்டகை. பெஞ்சு முழுக்கக் கண்காரர்கள். எல்லோரும் அடுத்தவனைத் தொட்டுத் தொட்டு, உன் சீட்டு என்ன, என் சீட்டு என்ன என்று கேட்டபடி இருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல்தான் என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் பொறுமைசாலி. இருட்டு அறையில் உட்காரவைத்து, இமையைப் பிரித்து, விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். நான் மாட்டின் வாயைப் பிரித்துப் பார்க்கிற அதே தோரணை. பிறகு விளக்கினார். கண்ணின் உள்ளே சின்னதாக ஒரு வில்லை இருக்கிறதாம், தெளிந்த கண்ணாடி மாதிரி. வயசாக ஆக அது பால் திரிவது போலத் திரிந்து வெள்ளையாகிவிடுமாம். அதுதான் புரை. கீறி அந்த வில்லையை வெளியே எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கண்ணுக்கு வெளியே தடித்த கண்ணாடி போட்டால் பார்வை வரும் என்றார். வலது கண்ணுக்கு அது உண்டு. இடது கண்ணைப் பார்த்தவர், இது புரை இல்லை, மேலே புண்ணாகி ஆறிய வடு, என்ன போட்டீர் என்று கேட்டார். சொன்னேன். யார் துப்பியது என்று மட்டும் கேட்டார். என் மச்சினன் என்றேன்.

சரி, இன்றைக்கே கீறிவிடுங்கள் என்றேன். முடியாதாம். புரை இன்னும் முற்றவில்லையாம், முற்றினபிறகுதான் முழுசாக எடுக்கவரும், மழைக்காலம் கழித்து வா என்றார். அதாவது என் கண் முழுசாகக் கெடட்டும் என்று நான் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவேண்டும். இப்படி ஒரு வைத்தியம் உண்டா? முருங்கை மரத்தடியில் கட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் கையை முகத்துக்கு முன்னால் நீட்டி, போனதா போனதா என்று பார்ப்பேன். சுருளி சனிக்கிழமைதோறும் சந்தைக்குப் போய்வந்தான். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ரெண்டு பொண்ணையும் கட்டிக் கொடுத்தாச்சு, மச்சினன் தலையெடுத்துட்டான், இனி உமக்கு என்ன கவலை, சாப்பிட்டுவிட்டுச் சும்மா இரும். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கோ, செத்தவனுக்குச் சொல்லுகிற வார்த்தையை உயிரோடு இருக்கும்போதே சொல்லுகிறார்களே என்று ஆத்திரம் பொங்கியது. சாப்பிடுவது எதற்கு? மறுநாள் சாப்பிடுவதற்கா?

மழை ஓய்ந்து போனபோது புரை முற்றியிருந்தது. படுக்கை கொடுத்தார்கள். உடனே கீறுவார்கள் என்று பார்த்தால், முதலில் மூத்திரத்தைப் பிடித்து ஒரு நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். செங்கல் நிறமாக மாறினால் சர்க்கரை வியாதி, கீறின புண் ஆறாது என்று அர்த்தமாம். நீலம் நீலமாகவே இருந்தது. அப்பாடா என்றிருந்தேன். அப்புறம் ஒருவர் வந்து வாயைத் திற என்றார். திறந்தேன். பல்லைத் தட்டிப் பார்த்தார். ரெண்டு கடைவாய்ப் பல்லில் சீழ் இருக்கிறது, அந்த விஷம் கண்ணுக்கு ஏறிவிடும், அதைப் பிடுங்கினால்தான் ஆப்பரேஷன் என்றார். ஆயுசு முழுக்க மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்தவனுக்கு இப்படி ஒரு கைம்மாறு. கண்ணுக்கு வந்தவனுக்குப் பல்லைப் பிடுங்கி அனுப்பினார்கள். ஈறு ஆறுவதற்காக இன்னும் ஒரு காத்திருப்பு.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே நோயாளிகளின் வீட்டார் சமைக்க ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். வெள்ளையம்மாள் அங்கே மூன்று கல்லைக் கூட்டி, கஞ்சி காய்ச்சி, வடிகட்டிக் கொண்டுவருவாள். பல் போன வாய்க்கு ஒரு பருக்கை உறுத்தினாலும் நான் தட்டைத் தள்ளிவிடுவேன். அவள் மறுபடி வடிகட்டிக் கொண்டுவருவாள். ராகியைத் துணியில் கட்டிப் பிழிந்து பால் எடுத்து, பனங்கருப்பட்டி போட்டுக் காய்ச்சித் தந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கருப்பட்டியில் மண் இருக்கிறது என்று சொன்னேன்.

ஆப்பரேஷன் செய்த நேரம் சொற்பம். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், மரத்துப் போயிற்று. நினைவோடுதான் இருந்தேன். கீழே பார், அசையாதே என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏதோ வழுக்கி வெளியே வந்தது போல இருந்தது. முடிந்தது என்றார். எனக்கு இனிமேல்தான் ஆரம்பம் என்று அப்போது தெரியவில்லை.

ரெண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டினார்கள். குருட்டுக் கண்ணை எதற்குக் கட்டுகிறீர்கள் என்றேன். அது அசைந்தால் இதுவும் அசையுமாம். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். மல்லாந்து கிடக்கவேண்டும். புரளக்கூடாது. இருமக்கூடாது. தும்மல் வந்தால் நாக்கை மேல்வாயில் அழுத்தி அடக்கவேண்டும். மெல்லக்கூடாது, புகையிலை கிடையாது, பேசக்கூடாது. தாடை அசைந்தால் கீறின வாய் திறந்துகொள்ளும், உள்ளே இருக்கிற நீர் கொட்டிப்போகும், பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்யமுடியாது என்று சிஸ்டர் அம்மாள் காதருகே குனிந்து நிதானமாகச் சொன்னார். அடுத்த கட்டிலில் கெங்குவார்பட்டிச் சம்சாரி ஒருவர் இருந்தார். பார்க்க வந்த மகனிடம், தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சினாயா இல்லையா என்று எழுந்து உட்கார்ந்து சத்தம் போட்டுவிட்டார். சாயங்காலம் அவர் கட்டுக்குள் ரத்தம் கசிந்திருந்ததாகக் காதில் விழுந்தது. அவரை அங்கிருந்து வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு எனக்கு எச்சில் விழுங்கவும் பயம்.

எனக்கு இருந்தது ஒரே கண். அது போனால் தேனிச் சந்தைக்கும் எனக்கும் தீர்ந்தது. இது ஒன்றுதான் ராப்பகலாக மண்டையில் ஓடியது. வாய் திறந்து திட்டக்கூட வழியில்லை. வருகிறவர்கள் மட்டும் வஞ்சனை இல்லாமல் பேசினார்கள். உபதேசியார் ஒருவர் தினமும் வந்து, உமக்கு இது நேர்ந்ததில் ஒரு நோக்கம் இருக்கும் என்பார். எதிர்க்கட்டில்காரரின் சம்சாரம், போன ஜென்மத்துப் பாவம், வீரபாண்டி ஆத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கி வைப்பதாக நேர்ந்துகொள்ளுங்கள் என்றாள். வெள்ளையம்மாள் ஏற்கெனவே நேர்ந்திருந்தாள், கண்மலரும் தீச்சட்டியும். புகையிலைச் சாற்றுக்குப் பாவமும் நோக்கமும் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருப்பேன். வாயைத்தான் கட்டிவிட்டார்களே.

இதைவிட மோசம் சுருளி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். நேற்றுச் சந்தை எப்படி இருந்தது என்று கேட்க நான் துடிப்பது அவனுக்குத் தெரியும். அவனாகவே சொன்னான். "சந்தை நல்லா நடந்துச்சு மச்சான். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக. உங்க ஆளுக எல்லாம் எங்கிட்டயே வந்துட்டாக." என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னான், பாவி. நான் இல்லாமல் சந்தை ஒரு வாரம்கூடத் தடுமாறவில்லை. என் குரல் கேட்காமல் ஒரு மாடுகூட விலை படியாமல் திரும்பவில்லை. மணல் மூட்டைகளுக்கு நடுவே நான் அழுதேன். அழக்கூடாது என்று சிஸ்டர் அம்மாள் சொல்லியிருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கட்டுக்குள் அரிப்பு வேறு. தூக்கத்தில் என் கை தானாகக் கட்டை நோக்கிப் போயிருக்கிறது. சிஸ்டர் அம்மாள் பார்த்துவிட்டு, துணி கொண்டுவந்து ரெண்டு கையையும் கட்டில் சட்டத்தோடு கட்டப்போனார். நான் காலை உதறினேன். மூக்கணாங்கயிறு ஒன்றுதான் பாக்கி. வெள்ளையம்மாள் சொன்னாள்: "கட்டாதீகம்மா. நான் புடிச்சுக்கிறேன்."

பொது வார்டு அது. எதிரிலும் பக்கத்திலும் ஆம்பளைகள். புருஷன் கையைப் பெண்டாட்டி பிடித்துக்கொண்டு உட்காருவது எங்கள் ஊரில் கல்யாண மேடையோடு சரி. அவள் கூச்சப்பட்டு என் தோளில் கிடந்த துண்டை எடுத்து ரெண்டு கைமேலும் போட்டு மூடினாள்.

துண்டுக்குள் கை. சந்தை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை. நாலு பேர் கேட்டுவிடுவார்கள். வாங்குகிறவன் கைமேலும் என் கைமேலும் துண்டைப் போட்டுக்கொள்வோம். உள்ளே விரலைப் பிடித்தால் ஒரு தொகை, ரெண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு தொகை, விரலை மடக்கினால் குறைப்பு. முகத்தில் ஒன்றும் தெரியாது, விரல்தான் பேசும். வியர்க்கிற கை அவசரக்காரன் கை. தளர்ந்த கை வாங்க வராதவன் கை. இந்தப் பள்ளத்தாக்கில் மாடு வைத்திருக்கிற அத்தனை பேர் கையும் எனக்கு அத்துப்படி.

அன்றைக்கு மறு சனிக்கிழமை. இந்நேரம் சுருளி துண்டுக்குள் கை போட்டிருப்பான் என்று வயிறு எரிந்தபடி கிடந்தேன். என் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே வேலையைத் தொடங்கின. அவள் சுண்டுவிரலைப் பிடித்தேன், மடக்கினேன், மடங்கியது. காய்ப்பேறின விரல், உலக்கை பிடித்த கை. அடுத்த விரலைப் பிடித்தேன், மடக்கினேன். மடங்கவில்லை. அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விடவில்லை. கணுவைத் தடவினேன். எலும்பு புடைத்து, கோணலாகக் கூடி, குச்சி போல நின்றது. நேற்று முந்தாநாள் வந்தது இல்லை, பல வருஷத்துக் குறை. மாட்டுக் காலில் இப்படி ஒரு கணு இருந்தால் அரை நொடியில் கண்டுபிடித்து விலையைப் பாதியாக்கியிருப்பேன். என் வீட்டில் என்னோடு இத்தனை வருஷம் இருந்த கையில் இது எனக்குத் தெரியாது.

எப்போது ஆனது? கேட்கமுடியாது, பேசக்கூடாது. அந்த விரலைத் தட்டித் தட்டிக் கேட்டேன். "பேசாமப் படுங்க, கண்ணு கெட்டுப்போகும்" என்றாள். துண்டுக்குள் பேசும் பாஷையில் விலை கேட்கலாம், குறைக்கலாம், முடிக்கலாம். உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அதில் வழி கிடையாது. அந்தக் கோபத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. விடிய விடிய அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

மெதுவாகப் பேசலாம் என்று டாக்டர் அனுமதித்த நாளில் நான் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. இந்த விரலுக்கு என்ன என்று கேட்டேன்.

அவள் சிரித்து மழுப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நீங்க குமுளிக்குப் போறப்ப ஒரு மலைமாட்டுக் காளையத் தொழுவத்துல கட்டிட்டுப் போனீகல்ல. அது கயித்த அத்துக்கிட்டு ஓடப் பாத்துச்சு. கயிறு வெரல்ல சுத்திக்கிருச்சு. விட்டா மாடு மலையேறிப் போயிரும். வந்து என்ன சொல்லுவீகளோன்னு விடல."

"ஏன் சொல்லல?"

"நீங்க வந்ததும் மாட்டத்தான பாத்தீக. நல்லாருக்கான்னு தடவிப் பாத்துட்டு மறுநா சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிட்டீக. அன்னிக்கு எண்ணெய்க்கட்டு கூடப் போட்டிருந்தேன்."

அந்தக் காளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செவலை. வலது கொம்பு நுனி உள்ளே வளைந்திருக்கும். முதுகில் நல்ல சுழி. யாருக்குத் தள்ளினேன், துண்டுக்குள் எந்த விரலில் விலை படிந்தது என்பதுவரை சொல்லுவேன். கயிறு பட்ட தடம் கழுத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்ததும் நினைவிருக்கிறது. எண்ணெய்க்கட்டு நினைவில் இல்லை. கண் கட்டாமல், ரெண்டு கண்ணும் பழுதில்லாமல் இருந்தபோது நான் பார்த்த லட்சணம் இது. தரகன் கண் பொய் சொல்லக்கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

கட்டு அவிழ்க்கிற நாள் வந்தது. டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். வில்லையை எடுத்துவிட்டதால் கண்ணாடி போடும்வரை எல்லாம் பனிமூட்டமாகத்தான் தெரியும். ஆனாலும் பக்கத்தில் காட்டுகிற விரலை எண்ணவேண்டும். அதுவும் முடியாவிட்டால் கண்ணுக்குப் பின்னால் வேறு பழுது இருக்கிறது, அதற்குக் கண்ணாடி உதவாது. பஞ்சை எடுத்தார்கள். வெளிச்சம் அறைந்தது. நீர் கொட்டியது. வெள்ளையாக ஒரு மூட்டம், அதில் ஏதோ அசைந்தது.

டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் குறையை முகத்தில் காட்டினால் விலை போயிற்று என்று பழகினவன் நான். யாரும் முதலில் காட்டுவது ரெண்டு. ரெண்டு என்றேன். சரியாக இருந்தது. மறுபடி கேட்டார். இனி கூட்டித்தான் காட்டுவார், மூன்று என்றேன். அதுவும் சரி. டாக்டரின் சந்தோஷம் குரலில் தெரிந்தது. நான் பார்க்கவில்லை என்பது எனக்குத்தானே தெரியும். இப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், பொய்யான கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று நினைத்தேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அப்போது வெள்ளையம்மாள் சொன்னாள்: "டாக்டரய்யா, எங்க வீட்டுக்காரக தரகு பேசுறாக. பாத்துச் சொல்லல."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்படியென்றால் நீங்களே காட்டுங்கள் அம்மா என்றார். வளையல் சத்தம் என் முன்னால் வந்து நின்றது. மூட்டத்துக்குள் மாநிறமாக ஒரு கை உயர்ந்தது. "பாருங்க. அவசரப்படாதீக. பாத்துச் சொல்லுங்க" என்றாள். இவளிடம் தரகு பேச முடியாது. இவள் ரெண்டு காட்டுவாளா, நாலு காட்டுவாளா என்று எனக்கு ஊகமில்லை. ஆகவே பார்த்தேன். நீரைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு உருண்டை. அதன் ஓரத்தில் மெல்லிசாக ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"ஒண்ணு" என்றேன்.

டாக்டர் பக்கவாட்டில் நின்றிருந்தார், அவருக்கு மடக்கிய விரல்கள்தான் தெரிந்திருக்கின்றன. வருத்தமாக, இல்லையே, உங்கள் சம்சாரம் கையை மூடியல்லவா வைத்திருக்கிறார்கள் என்றார். என்னைப் பொய்யில் பிடிக்கத்தான் அவள் எல்லா விரலையும் மடக்கியிருக்கிறாள்.

வெள்ளையம்மாள் அழுதுகொண்டே சொன்னாள்: "இல்லங்கய்யா. சரியாத்தான் சொல்லுறாக. இந்த வெரலு மடங்காது."

பிறகு கண்ணாடி வந்தது. அதைப் போட்டதும் உலகம் பெரிசாகி மூக்கின்மேல் ஏறி நின்றது. சந்தைக்குப் போனேன். தூரத்தில் நிற்கிற கொம்பு பக்கத்தில் தெரிந்து, பிடிக்கப்போய்க் காற்றைப் பிடித்தேன். மறுபடியும் சிரித்தார்கள். கண்ணாடியின் ஓரத்தில் எல்லாம் நெளிவதால் மாட்டின் நடை பார்க்க வராது. பல் பார்க்கலாம், சுழி பார்க்கலாம். நடை பார்ப்பதைச் சுருளிக்கு விட்டுவிட்டேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது. பாதித் தரகனுக்குச் சந்தையில் பாதி மரியாதைதான். நோயில் எனக்கு ஞானம் வந்தது என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் கால் பரபரக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மற்ற நாட்களில் சாயங்காலம் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆமணக்கெண்ணெயைச் சூடுபண்ணி, வாசலில் உட்கார்ந்து, அவள் விரலைத் தேய்த்து மடக்கிப் பார்ப்பேன். எலும்பு கூடிவிட்டது, இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. எதற்கு வெட்டியாக எண்ணெயை வீணாக்குகிறீர்கள் என்று அவளும் சொல்லியாயிற்று. முதல் விலைக்கே எழுந்து போகிற தரகன் நான் இல்லை. போன வாரம் சுருளி அந்தப் பக்கமாக வந்தான். பார்த்ததும் அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"துண்டையாவது மேல போட்டுக்கங்க மச்சான், ஊரு பாக்குது" என்றான்.

பார்க்கட்டும் என்றேன்.